‘முடியாது’ சொல்லத் தெரியாத இயந்திரம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அப்பா, அப்பாவின் வலது முழங்கால் ஆகிய நால்வரும் சௌக்கியம். அங்கே நீங்கள், அத்தை, கடையில் பழுதுக்கு வந்து திரும்பப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட மோட்டார்கள் எல்லோரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. உங்கள் மோட்டார் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ‘நிறுவனங்களுக்கு வரப்போகும் தகவல் தொழில்நுட்பங்கள்’ என்ற தலைப்பில் நான் ஒரு மணி நேரம் பேசப்போவதாக அச்சடித்த அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. என் பெயருக்கு முன்னால் ‘கணினி மேதை’ என்று போட்டிருக்கிறீர்கள். அப்பா அதைத் தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டார். மாமா, செயலாளராக இருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அச்சடித்திருக்கலாம். போனில் கேட்டால், “நீதானே கழுதை சரின்னே, அதுவும் எவ்வளவு மரியாதையா” என்கிறீர்கள். எப்போது சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் டி.வி. ரிமோட் முதல் மிக்ஸி வரை எல்லாம் என்னிடம்தான் வருகிறது. மோட்டார் மெக்கானிக்கான நீங்களே ஒருமுறை மிக்ஸியை என்னிடம் நீட்டியிருக்கிறீர்கள். அதெல்லாம் பரவாயில்லை. மைக் வேறு விஷயம். கல்லூரியில் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தும், என் குரல் கேட்காததால் ‘வரவில்லை’ என்று பதிவானவள் நான். ஆகவே இந்தக் கடிதத்தின் நோக்கம், உங்களிடம் முடியாது என்று சொல்வது. போனில் பேசினால் சரி என்று சொல்லிவிடுவேன், அதனால்தான் தபால். எனக்கா முடியாது என்று சொல்ல வந்தது என்று நீங்கள் ஆச்சரியப்படலாம். எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் கதவுக் கம்பெனி முதலாளி போன மாதம் ஏதோ கண்காட்சிக்குப் போய் ஒரு பை நிறைய விளம்பரத் தாள்களோடு திரும்பினார். “இனிமே வரப்போறதெல்லாம் முதல்ல நம்மகிட்டதாம்மா வரணும்” என்றார். முதலில் வந்தது பாதுகாப்பு. கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் செல்போனுக்கு வரும் எண்ணைப் போட வேண்டும். எங்கள் ஆபீஸில் கணக்கு எழுதும் அக்கா செல்போனை வீட்டில் மறந்துவிட்டு வந்த அன்று கம்பெனியே கணக்கில்லாமல் ஓடியது. அடுத்து எல்லாக் கோப்பையும் இணையத்துக்கு ஏற்றினோம். இணையம் போன ஒரு மத்தியானம் முழுக்க எங்களிடம் கதவுகள் மட்டும்தான் இருந்தன. மூன்றாவதாக வந்ததுதான் செயற்கை நுண்ணறிவு. வாடிக்கையாளர் செய்தி அனுப்பினால் அதுவே பதில் எழுதிவிடும். ரெண்டு வருஷமா அந்தப் பதிலையெல்லாம் எழுதிக்கிட்டிருந்தது நான்தான், போன்ல பேசக் கூச்சம்னு நானா கேட்டு வாங்கின வேலை. அந்தப் பழைய பதிலையெல்லாம் அதுக்குப் படிக்கக் கொடுத்தாங்க. வந்த முதல் வாரம் ஒரு புகார்கூட இல்லை மாமா. முதலாளி என் மேஜைக்கே வந்து பாராட்டினார், நான் ஸ்டேப்ளரைப் பார்த்து நன்றி சொன்னேன்.

ரெண்டாவது வாரம்தான் எங்க மேஸ்திரி, அதான் வீடு வீடாப் போய் கதவு மாட்டுறவர், கையில போனோட வந்து நின்னார். “ஏம்மா, வட்டமா கதவு கேட்டாங்களாம், செஞ்சு தரோம்னு சொல்லியிருக்கு. வட்டக் கதவுக்குக் கீலை எங்கம்மா வைக்கிறது?” அதோட விடலை. ஒரு அம்மாவுக்கு சோபா நிறத்துக்குப் பொருத்தமா கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சுத் தரதா சொல்லியிருக்கு. ஒருத்தர் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சுன்னதுக்கு, பத்து வருஷக் கதவைத் திரும்ப எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்கு. இன்னொருத்தர், “கதவெல்லாம் நல்லாத்தான் இருக்கு, என் மருமகன்தான் அதை அறைஞ்சு அறைஞ்சு சாத்தறார்”னு வருத்தப்பட்டிருக்கார். அதுக்கு இது, “கவலைப்படாதீங்க, எங்க ஆள் வந்து அவர்கிட்ட பேசுவார்”னு நாளும் நேரமும் கொடுத்திருக்கு. “மருமகன்கிட்ட நான் என்னம்மா பேசறது, என் மருமகனே என்கிட்ட பேசறதில்லை”ன்னுட்டுதான் மேஸ்திரி போனார். போய் டீ குடிச்சு, தன் மருமகன் கதையை அந்த வீட்டு மருமகன்கிட்டயே ஒரு மணி நேரம் சொல்லி அழுதிருக்கார் போல. அந்த வீட்டுக் கதவு இப்போ பூ மாதிரி சாத்துதாம்.

அந்த மெஷினைக் கொடுத்த மென்பொருள் கம்பெனிக்குப் போன் பண்ணினேன், அதாவது கணக்கு அக்காவை விட்டுப் பண்ண வெச்சு ஸ்பீக்கர்ல கேட்டேன். “மேடம், மெஷின்ல கோளாறே இல்லை. உங்க பழைய பதில்ல முடியாதுங்கிற வார்த்தையே இல்லை, அது எங்கேருந்து கத்துக்கும்?”னு கேட்டார் அந்தப் பக்கம் இருந்தவர். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, “ஒண்ணுகூடவா இல்லை?”ன்னாங்க. “ஒரே ஒரு இடத்துல இருக்கு மேடம். ‘முடியாதுன்னு சொல்ல மனசு வரலைங்க, செஞ்சு தரோம்’னு.” அக்கா ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைச்சாங்க.

ஆக, இருநூறு விதமா முடியாதுன்னு எழுதிக் கொடுத்தாத்தான் அது திருந்தும்னுட்டாங்க. நான் எங்கே மாமா போவேன் இருநூறுக்கு? ஊரெல்லாம் பொறுக்கினேன். கணக்கு அக்கா பேனா கேட்டாலே “போன தடவை வாங்கினது என்னாச்சு?”ம்பாங்க. அம்மா சொல்ற “பார்க்கலாம்” இருக்கே, அதைப் பார்த்ததா சரித்திரமே இல்லை. அப்பா இருமுவார். கேன்டீன்காரர் நம்ம கண்ணு முன்னாடியே தனக்கு டீ ஊத்திக்கிட்டு “டீ தீர்ந்துபோச்சு”ம்பார். எல்லாத்தையும் எழுதிட்டு, சரியா இருக்கான்னு கழிவறைக் கண்ணாடி முன்னால நின்னு வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். நூத்தம்பதுக்கு மேல எனக்கே குரல் வந்துடுச்சு.

அந்த நேரம் பார்த்து அடுக்குமாடி கட்டுற பில்டர் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். ஒரே மாசத்துல நானூறு கதவு தரதா நம்ம மெஷின் வாக்குக் கொடுத்திருக்கு, “எழுதினது யாரு, கூப்பிடுங்க”ன்னுட்டார். நான் போய் நின்னேன். முதலாளி முகம் வேர்க்குது. எனக்கு வேலை நிரந்தரம் ஆகாம இருக்குன்னு உங்களுக்கே தெரியும், அதுவும் அன்னைக்குப் போயிடும்னு நினைச்சேன். “ஒரு மாசத்துல ஆகும்ல?”ன்னார். வாயைத் திறந்தா, “முடியாதுங்க”ன்னு வந்துடுச்சு. கண்ணாடி முன்னால சொன்ன அதே குரல். அவர் என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். “அப்போ எப்போ ஆகும்?”னார். “மூணு மாசம்.” “எப்போ ஆகும்னுதானேம்மா முதல்லயே கேட்டேன். கட்டடமே நாலு மாசம் கழிச்சுத்தான் முடியும்”னு காபியைக் குடிச்சுட்டுப் போயிட்டார். மறுநாள் எனக்கு நிரந்தர உத்தரவு வந்துடுச்சு மாமா. இப்போ மெஷினும் நல்லாவே முடியாதுன்னு சொல்லுது, நானும் சொல்றேன். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.

ஆகையால், மாமா, சங்கக் கூட்டத்தில் பேச என்னால் முடியாது. எழுதியே விட்டேன். கேட்காமல் அச்சடித்த தவறு உங்களுடையது என்பதால் எனக்கு வருத்தமும் இல்லை. அத்தைக்கு என் அன்பையும், அங்கே தங்கியிருக்கும் மோட்டார்களுக்கு என் விசாரிப்பையும் சொல்லவும்.

இப்படிக்கு,
முடியாது என்று சொல்லத் தெரிந்த
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், மெஷினின் முதல் வாரத்துப் பதில்களை இன்னொரு தடவை சரிபார்த்தேன். உங்கள் கடைக்குக் கதவு விலை கேட்டீர்களே, அதை அலுவலக எண்ணிலிருந்துதான் அனுப்பியிருந்தேன். அதையே என் எண் என்று வைத்துக்கொண்டு, கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவாயா என்று கேட்டிருக்கிறீர்கள். “ரொம்ப சந்தோஷங்க, கண்டிப்பா செஞ்சு தரோம்” என்று பதில் போயிருக்கிறது. ‘தரோம்’ என்று வந்ததைக்கூடப் படித்த பெண் அப்படித்தான் பேசும் என்று நினைத்துவிட்டீர்கள் போல. கணினி மேதை என்று போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். “உங்க விருப்பம் போலவே போட்டுடலாங்க.” ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது மாமா, மறுக்க வழியில்லை. கூட்டத்துக்கு வருகிறேன். ஆனால் ஒரு மணி நேரம் முடியாது. அரை மணி நேரம்தான்.