பெல்ட் பாயின் ஜன்னல் சீட்

மும்பை லோக்கல் ரயிலில் ஜன்னல் சீட்டுக்காகக் கூடப்பிறந்த தம்பியை முழங்கையால் இடித்துத் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். சம்பந்தி நின்றுகொண்டு வருவதைப் பார்த்துவிட்டுக் கண்ணை இறுக மூடித் தூங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதாகச் சொன்னது நான்தான். ஆனால் இடி இல்லாமல், தள்ளு இல்லாமல், கைக்குட்டை போட்டு இடம் பிடிக்காமல், வெறுமனே கேள்வி கேட்டே பதினோரு வருஷம் ஒரு ஜன்னல் சீட்டை ஆண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெல்ட் பாய்.

தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருந்தார், அதனால் அந்தப் பெயர். சொந்த ஊர் கடையநல்லூர்ப் பக்கம். மகன் தாணேயில் ஃப்ளாட் வாங்கிக் குடியேற்றிவிட்டதால் தினமும் அங்கே 8.17 ஸ்லோ வண்டியைப் பிடித்து, தாராவிக்குப் பக்கத்து ஸ்டேஷனான சயானில் இறங்குவார். யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் முகத்துக்குப் போகாது, இடுப்புக்குப் போகும். "என்னவே, மூணாவது ஓட்டையிலேர்ந்து நாலாவதுக்கு வந்துட்டீரு" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார். எனக்கு இதெல்லாம் பிடிக்காது. என் இடுப்பு என் சொந்த விவகாரம்.

எங்கள் ரயில் கோஷ்டியில் நாலு பேர். பாய், நான், பேங்க் மாமா, செல்வம். பேங்க் மாமா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்து, வாடகை கட்டுப்படியாகாமல் தாணேக்கு வந்தவர். செல்வம் தாராவியில் பிறந்தவன், கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசர், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். நாலு பேருக்கும் சேர்த்துக் கிடைப்பது மூன்று பேர் பெஞ்சு ஒன்று. அதன் ஓரத்தில் நாலாவது சீட் என்று மும்பையில் ஒன்று உண்டு. பாதி உடம்பு பெஞ்சில், மீதி அந்தரத்தில். அதில் அடுத்த ஸ்டேஷன் முலுண்டில் ஏறும் ஒரு குஜராத்திப் பெரியவர் வந்து தொற்றிக்கொள்வார். ஆகவே எங்களில் ஒருவர் தினமும் நின்றாக வேண்டும். மற்ற கோஷ்டிகளில் பாதி வழியில் காட்கோபர் வந்ததும் உட்கார்ந்தவர் எழுந்து நின்றவருக்கு இடம் கொடுப்பார்கள், அதுதான் இந்த ரயிலின் தர்மம். எங்கள் கோஷ்டியில் தர்மம் வேறு. ஏழு நிலாத் தீவைப் பற்றிக் கேள்வி கேட்கப்படும். பதில் தெரியாதவர் எழுந்திருக்க வேண்டும்.

ஏழு நிலாத் தீவு என்பது ரொம்ப காலத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. அந்தப் பத்திரிகையும் நின்றுபோய்விட்டது, கதை புத்தகமாகவும் வரவில்லை. ஏழு நிலா முளைக்கும் தீவு. மூன்றாவது நிலா காயும்போது பொய் சொன்னால் நாக்கு நீலமாகிவிடும். மூன்று கால் ஒட்டகம் ஒன்று உண்டு. உப்புக்கோட்டைக்கு முந்நூற்று முப்பத்து மூன்று படி. ஏழாவது நிலாவைத் தேடி ஓர் ஓடக்காரி இருட்டுக் கடலுக்குள் போவாள், அவளுக்காகக் கரையில் விளக்கோடு ஒரு காவலன் காத்திருப்பான். மாமா இதை மாட்டுங்காவில் வாடகைப் புத்தகக் கடையில் அரையும் குறையுமாகப் படித்தவர். நான் தாராவி சலூனில், பக்கம் கிழிந்த பழைய இதழ்களில் படித்தேன். செல்வத்துக்கு அவன் அம்மா சொன்ன கதை. முழுசாக வைத்திருந்தவர் பாய் ஒருவர்தான். வாராவாரம் கிழித்தெடுத்துத் தைத்த பைண்டு, அதற்கு அவரே தைத்த தோல் உறை. தோளில் தொங்கும் பையில் அது எப்போதும் இருக்கும். திறந்து மட்டும் நாங்கள் பார்த்ததில்லை. அதுதான் மனப்பாடமாக இருக்கிறதே, எதற்குத் திறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டோம்.

இது தொடங்கியது ஒரு மழைநாளில். குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர், வண்டி மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. "இன்னிக்கு ஏழாவது நிலா முளைச்சாத்தான் வண்டி நகரும் போல" என்று மாமா சும்மா முனகினார். அதுவரை எங்களோடு ஒரு வார்த்தை பேசாத பாய் மெல்லத் திரும்பி, அந்த நிலாவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். மாமா திருதிருவென்று விழித்தார். "ஒட்டகத்துக் கழுத்து மணிக்குள்ள. உட்டோ" என்றார் பாய். எழுந்திரு என்று அர்த்தம். மாமா ஏன் எழுந்தார் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. அந்த ஜன்னல் சீட்டில் அன்று உட்கார்ந்த பாய்தான், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கேள்வி கேட்கும்போது அவர் சிரிக்க மாட்டார். வாய்க்குள் பிஸ்மில்லா சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். போனில் தேடிப் பார்க்கவும் வழியில்லை, அந்தக் கதை போனில் எங்கும் கிடையாது. நேரம் காலமும் பார்க்க மாட்டார். செல்வத்தின் கல்யாணத்துக்கு வந்தவர் மேடையேறி, பெல்ட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்து, வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே, உப்புக்கோட்டையில் உடைந்த படி எத்தனையாவது என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. மணமேடையிலிருந்து எழுந்திருக்கச் சொல்லிவிடுவாரோ என்று எங்களுக்கும் பயம். குனிந்த தலை நிமிராமல் மணப்பெண் "நூத்திப் பதினேழு" என்றாள். நிச்சயத்துக்குப் பிறகு ஆறு மாதமும் பையன் போனில் அதைத்தான் பேசியிருக்கிறான். "பொழச்சுக்கிடுவே" என்று பாய் அவன் தோளைத் தட்டிவிட்டுப் பிரியாணிக்குப் போனார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பாயின் மனைவி மௌத்தாகிவிட்டார். நாற்பது நாள் பாய் வரவில்லை. ஜன்னல் சீட்டில் நாங்கள் மாறி மாறி உட்கார்ந்தோம், ஒருவருக்கும் அது ருசிக்கவில்லை. திரும்பி வந்த அன்று நாங்கள் ஆறுதல் சொல்வதற்கு முன், அவரே ஒரு கேள்வி கேட்டார். கதை முடிவில் ஓடக்காரி கரைக்குத் திரும்பி வந்தபோது காவலன் கையில் என்ன இருந்தது?

மாமாவுக்கு நேரம் சரியில்லை. "அவ எங்க ஓய் திரும்பி வந்தா? வரவே இல்லையே" என்றார்.

"வந்தா. காவக்காரன் ஒரு சோடி செருப்பு தச்சு வச்சுக்கிட்டு நின்னான். வெறுங்காலோட போனவல்லா. உட்டோ."

மாமா எழுந்தார். ஆனால் நின்றுகொண்டே வாதாடினார். அந்தத் தீவில் மாடே கிடையாதே, தோலுக்குக் காவலன் எங்கே போனான்? ஒட்டகத் தோல் என்றார் பாய். இருப்பது ஒரே ஒட்டகம், அதுவும் கடைசி வரைக்கும் உயிரோடு இருக்கிறதே என்றார் மாமா. பாய் பையின் மேல் கையை வைத்து, "எல்லாம் இதுல இருக்கு. அவ வந்தா" என்றார். அந்தக் குரலைக் கேட்டு மாமா வாதத்தை விட்டார். நின்றபடியே சயான் வரை போனார். ஆனால் மனுஷன் மறக்கவில்லை. நாலு வருஷமும் பாய் சயானில் இறங்கிய அடுத்த நிமிஷம், "மாடில்லாத தீவுல செருப்பாம், கேட்டியோ" என்று என் காதில் ஓதுவார்.

போன மழைக்கு முன்னால் மாமா ரிட்டயர் ஆனார். அதற்கு இரண்டு நாள் முன்பு, வண்டி தாணேயை விட்டதுமே ஆரம்பித்துவிட்டார். ரிட்டயர் ஆகிப் போகிறவனுக்கு ஒரே ஓர் ஆசை, அந்தக் கடைசி அத்தியாயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். தப்பு தன்னுடையது என்றால் கடைசி ஸ்டேஷனான வி.டி. வரை நிற்கத் தயார் என்றார். செல்வம் அன்று வண்டி கிளம்பும் முன்பே தோற்று நின்றுகொண்டிருந்தான். பாய் யோசிக்கவே இல்லை. பையிலிருந்து பைண்டை எடுத்து, உறையைக் கழற்றி, என் மடியில் வைத்தார்.

"நீரு பத்திரிகையில எழுதுத ஆளு. நீரே வாசியும்."

அவர் புத்தகம், அவரே வாசித்தால்தானே நியாயம் என்றேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா" என்றார் பாய்.

நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்தோம். பதினோரு வருஷம் எங்களை எழுப்பி நிற்க வைத்த பரீட்சை அதிகாரிக்கு எழுத்து தெரியாது! அவர் முகத்தில் கூச்சம் எதுவும் இல்லை. ஒன்பது வயதில் பட்டறைக்கு வந்தவர், பள்ளிக்கூடத்துக்கு எங்கே போனார். பட்டறைக்கு மேலேயே வீடு. தினம் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் மனைவி கீழே வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அத்தியாயம் வாசிப்பாராம், இவர் தோல் வெட்டிக்கொண்டே கேட்பாராம். கடைசி அத்தியாயம் வாசித்த மறுநாள் அந்த அம்மாவுக்கு இருதயத்தில் ஆபரேஷன். "முடிவத் தெரிஞ்சுக்கிடாம ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டேன்னுட்டா. சரி, வாசியும்" என்றார்.

முலுண்டில் குஜராத்திப் பெரியவர் ஏறித் தம் பாதி சீட்டில் உட்கார்ந்தார். நான் கடைசி அத்தியாயத்தைப் பிரித்து வாசித்தேன். ஓடம் இருட்டுக் கடலுக்குப் போனது. காவலன் விளக்கைத் தூண்டிவிட்டான். ஏழாவது நிலா முளைத்தது. என் கண் வாயை முந்திக்கொண்டு கீழ் வரிக்கு ஓடியது. அங்கே அச்சில் இருந்தது இவ்வளவுதான்: ஓடம் மட்டும் கரைக்கு வந்தது. அதில் யாரும் இல்லை. முற்றும்.

என் வலது தோள் மேல் மாமாவின் மூச்சு. இடது பக்கம் பாய், வழக்கம் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எழுத்தாளன், வாரா வாரம் இல்லாததைச் சொல்லிப் பிழைக்கிறவன். அன்றைக்கு அந்த மூன்று வரியை இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு வாசித்தேன். ஓடத்தில் ஓடக்காரி இருந்தாள் என்று வாசித்தேன். வெறுங்காலோடு மணலில் இறங்கினாள், காவலன் குனிந்து ஒரு ஜோடி செருப்பை அவள் காலடியில் வைத்தான் என்று, ஒரு பக்கத்துக்கு வருகிற அளவு, இல்லாத வரிகளை வாசித்துக்கொண்டே போனேன். மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாலு வருஷமாகக் காத்திருந்த வரி அவர் கண்ணெதிரே இருந்தது.

"வாஸ்தவம் பாய். எனக்குத்தான் ஞாபகப் பிசகு" என்று எழுந்து நின்றுவிட்டார். அந்த மனுஷனை எத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்று அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

பாய் உட்டோ சொல்லவில்லை. பாண்டுப் போய்விட்டது, விக்ரோளியும் போய்விட்டது. ஜன்னலிலிருந்து திரும்பாமலே பேசினார்.

"நீரு பக்கத்தத் திருப்பலியேவே."

நான் குனிந்து பக்கத்தைப் பார்த்தேன்.

"இம்புட்டு நேரம் வாசிச்சீரு, ஒரு தாளு சத்தம் கேக்கல. அன்னைக்கு அவளும் திருப்பல. மத்த நாளெல்லாம் தாளு சத்தம் கேக்கும், அன்னைக்கு மட்டும் இல்ல. ஏன்னு கேக்கணும்னு நெனச்சேன். மறுநா ஆஸ்பத்திரி, அந்த ஓட்டத்துல விட்டுப்போச்சு." என் பக்கம் திரும்பி, "அதுல என்ன போட்டிருக்கோ அத வாசியும்" என்றார்.

வாசித்தேன். மூன்று வரியும் வாசித்தேன். அவர் பைண்டை வாங்கி அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அந்த அம்மா ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பி, அதற்குப் பிறகு பதினாறு வருஷம் இருந்தவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"புஸ்தகத்துல வரல. எங்க வீட்டுக்கு வந்தா" என்றார் பாய்.

பிறகு தமக்குத்தாமே "உட்டோ" என்று சொல்லிக்கொண்டு எழுந்து நின்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. மாமாவைப் பார்த்து ஜன்னல் சீட்டைக் காட்டினார், சட்டம் சட்டம்தான். மாமா மாட்டேன் என்று தலையாட்டினார். செல்வம் கூரையைப் பார்த்தான். எனக்கும் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, எழுந்துவிட்டேன். காலை எட்டரை மணி தாணே லோக்கலில், மூன்று பேர் பெஞ்சில் குஜராத்திப் பெரியவர் ஒருவர் மட்டும், அதுவும் பாதி சீட்டில்.

காட்கோபரில் கூட்டம் மோதிக்கொண்டு ஏறியது. ஒருவன் ஆளைப் பிளந்துகொண்டு வந்து, ஜன்னலோரம் யாராவது இருக்கிறார்களா என்று ஹிந்தியில் கேட்டான். எங்கள் பேச்சில் ஒரு வார்த்தை புரியாத அந்தப் பெரியவர் பாயின் முகத்தைப் பார்த்தார். நகர்ந்து நன்றாக உட்கார்ந்திருக்கலாம், நகரவில்லை. ஓரத்தில் தொற்றிக்கொண்டே பெஞ்சின் குறுக்கே கையை நீட்டி, ஆள் வருது என்று அவனிடம் சொன்னார்.

சயான் வரும் வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.