நாற்பது நூல்களும் ஒரு மடிநோயும்

டிசம்பர் இருபதைத் தாண்டினால் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் இனம் தலைகாட்டத் தொடங்கும். பதினோரு மாதம் அது எங்கே இருந்தது, என்ன தின்றது, யாருக்கும் தெரியாது. பனி இறங்கியதும் கைப்பேசியோடு வெளியே வந்து, ‘இந்த ஆண்டு என்னைப் பாதித்த நாற்பது நூல்கள்’ என்று ஒரு பட்டியல் போடும். ஆண்டிறுதிப் பட்டியல்காரர் என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், நன்றாகப் பாருங்கள்.

அடையாளம் சொல்கிறேன். புத்தகத்தை வாங்கிய அன்றே அதை வாசித்த களைப்பு அவர் முகத்தில் வந்துவிடும். பின்னட்டையைக் கடையில் நின்றபடியே முடிப்பார், முன்னுரையைப் பேருந்தில் முடிப்பார், கடைசிப் பக்கத்தை இறங்கும் இடம் வருவதற்குள் முடிப்பார், மீதி இருப்பதை, அதாவது புத்தகத்தை, அலமாரி வாசித்துக்கொள்ளும். அப்புறம் படம். ஒகேனக்கல் போனால் குளிக்க மாட்டார். அருவிக்கு முன்னால் நாவலை நிறுத்திவைத்துக் கோணம் பார்ப்பதற்குள் மீன் வறுவல் ஆறிப்போகும். பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் நிற்கிற இரண்டு நிமிடத்தில் மூன்று நாவல்களை முடித்து, நான்காவதன் மொழிநடை சரியில்லை என்று சொல்லிக்கொண்டே ஓடுகிற வண்டியில் தொற்றிக்கொண்ட ஒருவரை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். நம்பாவிட்டால் போங்கள்.

அவரிடம் விமர்சனம் மொத்தம் ஐந்து உண்டு. ‘உலுக்கியது.’ ‘தூங்கவிடவில்லை.’ ‘தவறவிடக் கூடாதது.’ ‘மண்ணையும் மனிதர்களையும் பேசுகிறது.’ ஐந்தாவது, புத்தகம் தடிமனாக இருந்தால் மட்டும்: ‘மறுவாசிப்பைக் கோருவது.’ முதல் வாசிப்பை அது கோரியபோது நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று யாராவது கேட்டார்களா?

மாதிரிக்கு ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் பென்னாகரத்து மாதவராஜை நிறுத்துவேன். மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். வாசகர் வட்டத்தின் செயலாளர். தங்கமான மனிதர். புத்தகம் என்றால் உயிரையே கொடுப்பார். திறக்க மட்டும் மாட்டார்.

போன டிசம்பரில் அவருடைய நாற்பதில் முதலிடம் ஜாஸ்மின் எழுதிய நாவலுக்கு. ஜாஸ்மின் பொம்மிடிக்காரி, பள்ளி ஆசிரியை, அது அவளுடைய முதல் நாவல். மாதவராஜ் போட்டதைப் பார்த்து வட்டத்தின் மற்ற பதினொரு பேரும் அதற்கே முதலிடம் கொடுத்தார்கள். எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜாஸ்மினுக்கு வேறொன்று வேண்டியிருந்தது.

காரணம் இருக்கிறது. அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாக மடித்து, அதைப் பாரம் என்பார்கள், பாரம் பாரமாக அடுக்கித் தைப்பது வழக்கம். இந்த நாவலின் ஏழாவது பாரம் இருக்க வேண்டிய இடத்தில், பக்கத்து மேசையில் கிடந்த கறவை மாடு வளர்ப்பு நூலின் ஏழாவது பாரத்தை யாரோ வைத்துத் தைத்துவிட்டார்கள். முந்நூறு பிரதியிலும். தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரியில் நாயகி வீட்டைவிட்டுக் கிளம்பி வந்து பரிசலில் கால் வைக்கிறாள். அடுத்த பக்கம் ‘மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்த பின்’ என்று தொடங்கி, மடிநோய், உண்ணி, கோமாரி என்று பதினாறு பக்கம் போகிறது. நூற்றுப் பதின்மூன்றில் நாயகி திரும்ப வரும்போது இடுப்பில் ஒரு பிள்ளை.

ஜாஸ்மின் இதைக் கவனித்தபோது பிரதிகள் எல்லாம் போய்விட்டன. விடுபட்ட பக்கங்களை ஐம்பது செட் ஜெராக்ஸ் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கேட்கிறவர்களிடம் மன்னிப்புச் சொல்லிக் கொடுத்துவிடலாம். மாசி போயிற்று, ஆடி போயிற்று, தீபாவளியும் போயிற்று. திட்டி ஒரு வரி வரவில்லை. வந்ததெல்லாம் பாராட்டு. முந்நூறு பேரில் ஒருத்தராவது படித்தாரா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். இல்லையென்றால், எழுதி முடித்த இரண்டாவது நாவலைப் பரணில் போட்டுவிட்டுப் பேசாமல் விடைத்தாள் திருத்தலாம் என்று முடிவு கட்டியிருந்தாள்.

பட்டியல் வந்த அதே டிசம்பரின் கடைசி ஞாயிறன்று, ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசகர் வட்டம் அவளுக்குப் பாராட்டு விழா வைத்தது. மாதவராஜ் முக்கால் மணி நேரம் பேசினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பிசிறில்லாத ஓட்டம் என்றார். ஜாஸ்மின் எழுந்தாள்.

“சார், தொண்ணூத்தேழாம் பக்கத்துலருந்து நூத்திப் பன்னெண்டு வரைக்கும் வருதுங்களே, அது எப்படிங்க இருந்துச்சு?”

மாதவராஜ் கண்ணாடியைக் கழற்றினார். பட்டியல்காரர் கண்ணாடியைக் கழற்றினால், பதில் தயாராகிறது என்று பொருள்.

“அங்கதாம்மா நான் ஒடைஞ்சு போயிட்டேன். ஒரு பொண்ணோட வலிய இவ்வளவு கிட்டப் போயி யாரும் எழுதுனதில்லீங்க.”

பக்கத்திலிருந்த ரஞ்சித்குமார் விடுவாரா? அவரும் பட்டியல் போட்டவர்தானே. “அந்த எடத்த நான் ரெண்டு தடவ படிச்சேங்க. எங்க வூட்லயும் படிச்சுக் காட்டுனேன். தேம்பித் தேம்பி அழுதுட்டாங்க.”

ஜாஸ்மின் உட்கார்ந்துவிட்டாள். பரணுக்கு ஏணி வைத்தாயிற்று.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். இண்டூர் சின்னம்மாள், இரண்டு கறவை மாடு வைத்திருப்பவள், கையில் அவள் ஊர் நூலகத்து முத்திரை குத்திய பிரதி.

“ஏங் கண்ணு, இத எழுதுனது நீதான?”

“ஆமாங்கக்கா.”

“நடுவுல மாட்டு வைத்தியம் வருதே, நல்லாத்தான் இருக்குது. எங்க செவலைக்கு மடி கல்லாட்டம் வீங்கிக் கெடந்துது. அதுல போட்டிருந்த மாதிரியே கத்தாழ, மஞ்சளு, சுண்ணாம்பு அரைச்சுப் பூசுனேன். நாலு நாள்ல வடிஞ்சுது. அத நான் கொற சொல்லல.”

மாதவராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையிலிருந்த புத்தகத்தை முதன்முறையாக நடுவில் திறந்தார்.

“ஆனா பரிசல்ல கால வெச்சவ அக்கரை போய்ச் சேந்தாளா இல்லையா? அந்தப் புள்ள யாருது? ஆறு மாசமா இதே ரோசனை. பாலு கறக்கறப்பக்கூட இதான். நோட்டீசுல உம் பேரப் பாத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன். இப்பச் சொல்லு.”

ஜாஸ்மின் கைப்பையைத் திறந்தாள். இழுத்த வேகத்தில் ஜெராக்ஸ் கட்டின் ரப்பர் பேண்டு அறுந்து ரஞ்சித்குமார் மேல் போய் விழுந்தது. ஒரு செட்டை இரண்டு கையாலும் கொடுத்தாள். சின்னம்மாள் நின்றபடியே உதட்டை அசைத்துப் படிக்க ஆரம்பித்தாள். போண்டா வந்தது, டீ வந்தது, சால்வை வந்தது, அவள் நிமிரவில்லை. பத்தாவது பக்கத்தில், “அட நாசமாப் போறவனே” என்று கதைக்குள் யாரையோ வைதாள். ஜாஸ்மினுக்கு அந்த ஆண்டு கிடைத்த ஒரே விமர்சனம் அதுதான். இரண்டாவது நாவல் இப்போது அச்சகத்தில் இருக்கிறது. பாரம் பாரமாக அவளே பக்கத்தில் நின்று எண்ணுகிறாளாம்.

மாதவராஜ் சங்கடப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அவரும் ஒரு செட் வாங்கிக்கொண்டு போனார். மாலைக்குள் பட்டியல் திருத்தப்பட்டது. நாற்பத்தொன்றாவது நூல்: ‘பதினாறே பக்கம். தூங்கவிடவில்லை.’

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அது சரி, உங்கள் தலைமாட்டில் கிடக்கிற புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பதினெட்டிலா? போன பொங்கலிலிருந்தா? அதைத்தானே நேற்று யாரிடமோ ‘அற்புதம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், நான் வெளியே சொல்ல மாட்டேன். இண்டூர் பஸ்ஸில் மட்டும் சின்னம்மாள் பக்கத்தில் உட்காராதீர்கள். கையில் புத்தகம் வைத்திருப்பவர்களைக் கண்டால், நடுவுல என்ன வருது என்று இப்போதெல்லாம் கேட்கிறாளாம்.