மாமனார் உள்ளே, சாவி வெளியே

நான் ஒரு முட்டாள் என்பதைப் புதிதாகப் பழகுகிறவர்கள் கண்டுபிடிக்க வழக்கமாகக் கொஞ்ச நாள் பிடிக்கும். துவாரகாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அரை மணி நேரத்தில், ஒரு குடியிருப்பே பால்கனியில் நின்று கண்டுபிடித்துவிட்டது. சம்பந்தம் பேசப் போன வீட்டு வாசலில்.

டெல்லியில் கார் வாங்குகிற மனிதன் முதலில் அதை நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்ப்பான். நான் நிறத்தைப் பார்த்தேன். நல்ல சிவப்பு. இரண்டே கதவு. தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் உடம்பு. ஐந்து விநாடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்றார்கள். ஆறே மாதம் ஓட்டி அலுத்துப்போன ஒரு பணக்கார வீட்டுப் பையனிடமிருந்து, இரண்டாம் கையாக வாங்கினேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, குருகிராமில் வேலை, புதிதாக ஒரு பதவி உயர்வு, தலையில் மெல்ல ஒரு வழுக்கை. (இந்த நான்கும் ஒன்றுசேர்ந்தால் ஆண்பிள்ளை இப்படித்தான் ஏதாவது செய்து தொலைப்பான்.) அந்த வேகத்தை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. காலை நெரிசலில், எங்கள் தெருவிலிருந்து சைக்கிளில் ஆபீஸ் போகும் செக்‌ஷன் ஆபீசர் ஒருவர் தினமும் என்னைத் தாண்டிப் போவார். சிக்னலில் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

நாங்கள் இருந்தது லோதி ரோடு பக்கம், என் மனைவி சித்ராவுக்கு அவள் அமைச்சகம் ஒதுக்கிய சர்க்கார் குடியிருப்பில். முதல் மாடி. கார் நிறுத்தக் கொட்டகை கிடையாது. தெருவில் வேப்ப மரத்தடிதான் கதி. ஸ்கூட்டர்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே என் கார், ரேஷன் கடை வரிசையில் பட்டுப்புடவையோடு கல்யாணப் பெண் நிற்பது மாதிரி நின்றது.

கீழ்வீட்டு கன்னாஜி அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு என் தோளில் கை வைத்து, இழவு வீட்டில் பேசும் குரலில், "ஏக் ஹஃப்தா, பேட்டா" என்றார். ஒரே வாரம். அதற்குள் தூக்கிவிடுவார்களாம்.

அன்றோடு என் தூக்கம் போனது. கார் திருடுவது எப்படி என்று விளக்கும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். பார்த்த நேரத்துக்கு நானே நாலு கார் திருடியிருக்கலாம். சாவி வீட்டுக்குள் இருந்தாலும், அது விடுகிற சிக்னலை வாசலில் நின்றே ஒரு கருவியால் பிடித்துக் காரைத் திறந்துவிடுவார்களாம். உலோக டப்பாவில் வைத்தால் சிக்னல் வெளியே போகாதாம். சமையலறையில் முறுக்கு டப்பாவைக் காலி செய்து, உள்ளே அலுமினியத் தாளை ஒட்டி, சாவியை அதில் போட்டேன்.

"ஏங்க, முறுக்கு எங்க?"

"கவர்ல போட்டு வச்சிருக்கேன்."

"நமுத்துப் போயிடுமே."

"முறுக்கு நமுத்தா வேற வாங்கலாம் சித்ரா. கார் போனா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமான புதிதில் அந்தப் பார்வை அவளிடம் இருந்ததில்லை.

சாவியோடு நிற்கவில்லை. ஸ்டீயரிங்குக்குக் குறுக்கே மஞ்சள் நிறத்தில் ஒரு இரும்புத் தடி. சக்கரத்துக்கு ஒரு பூட்டு. அதைக் குனிந்து மாட்டிக் கழற்றியதில் என் இடுப்புக்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. இவையும் போதாதென்று கரோல்பாக்கில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இந்த மாதிரி முகங்களை நம்பித்தான் அவர் பிழைப்பு நடந்திருக்க வேண்டும்.

அவர் மாட்டிவிட்ட ஏற்பாடு இதுதான். ரிமோட்டை ஒருமுறை அழுத்திப் பூட்டினால், கதவை உள்ளே இருந்தும் திறக்க முடியாது. பூட்டிய பிறகு உள்ளே ஏதாவது அசைந்தால் சைரன் அலறும். அலற ஆரம்பித்ததும் ரிமோட் செத்துப்போகும், ஏனென்றால் திருடனிடம் போலி ரிமோட் இருக்கலாம் அல்லவா? அதன்பின் அவர்களுடைய கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து, செல்போனுக்கு வரும் ரகசிய எண்ணைச் சொன்னால்தான் கார் திறக்கும். கண்ணாடியை உடைத்தாலும் நொறுங்கி விழாதபடி எல்லா ஜன்னலிலும் ஒரு தடித்த படலம்.

"உள்ளே போன திருடன் வெளியே வர முடியாது சார்" என்றார்.

எலிப்பொறி! எனக்குப் புல்லரித்தது. என் பங்குக்கு ஒரு மேதாவித்தனமும் செய்தேன். திருடன் என் செல்போனையும் சேர்த்துத் திருடிவிட்டால் ரகசிய எண் அவனுக்கல்லவா போகும்? ஆகவே அந்த எண் வருவதற்கென்றே ஒரு பழைய போனில் தனி சிம் போட்டேன். அந்தப் போனை பத்திரமாக எங்கே வைப்பது? முறுக்கு டப்பாவில்தான்.

அந்த பிப்ரவரியில் என் மாமனார் தஞ்சாவூரிலிருந்து வந்தார். போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையும் தொந்தியும் இன்னும் பணியில் இருந்தன. சித்ராவின் தங்கை பூர்ணிமாவுக்குத் துவாரகாவில் ஒரு வரன். பையன் கார்த்தி, ஒரு அரசு நிறுவனத்தில் இன்ஜினியர், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. ஜாதகம், போட்டோ எல்லாம் ஒத்துப்போய், மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு வருவது மட்டும் பாக்கி. பூர்ணிமாவுக்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போய்விடக் கூடாது என்று மாமனாருக்கு உள்ளூர பயம். அந்த பயத்தில், புதிதாக வாங்கிய சட்டையை முந்தின நாளே போட்டுப் பார்த்துக்கொண்டார்.

"டாக்ஸியில போயிடலாமே" என்றாள் சித்ரா.

"பொண்ணு வீட்டுக்காரங்க டாக்ஸியில போய் இறங்கினா நல்லாவா இருக்கும்?" என்றேன். அந்தக் காரை விட்டு நான் இறங்குவதை அவர்கள் பால்கனியிலிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

இரண்டு கதவுக் காரில் பின்சீட் என்பது ஒரு சம்பிரதாயம். முன்சீட்டை மடக்கி, அந்தச் சந்து வழியாக நுழைய வேண்டும். மாமனார் பக்கவாட்டில் முயன்றார், பின்பக்கமாக முயன்றார், கடைசியில் நான் தள்ள, சித்ரா மறுபக்கமிருந்து இழுக்க, உள்ளே போய் விழுந்தார்.

"மாப்ள, கைதிய வேன்ல ஏத்துறப்பகூட நாங்க இவ்வளவு கஷ்டம் குடுத்ததில்ல" என்றார் மூச்சு வாங்க.

துவாரகாவில் அவர்கள் குடியிருப்பின் கேட்டுக்கு எதிரிலேயே காரை நிறுத்தினேன். அப்போதுதான் இனிப்பு வாங்க மறந்தது நினைவு வந்தது. பத்தடியில் ஒரு மிட்டாய்க் கடை இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் வாங்கிட்டு வாங்க. நான் இதுலேருந்து ஒரு தடவதான் இறங்குவேன்" என்று மாமனார் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். நியாயம்தான். நானும் சித்ராவும் இறங்கி நடந்தோம். நடந்துகொண்டே, பழக்கதோஷத்தில், திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி ரிமோட்டை அழுத்தினேன். (அப்படி அழுத்துவது ஒரு ஸ்டைல் என்று அப்போது நினைப்பு.)

மாமனார் சட்டைக் காலரைச் சரிசெய்திருக்கிறார்.

அந்த சைரனைக் கேட்டு மரத்திலிருந்த கிளிகள் மொத்தமாகக் கிளம்பின. நான் ஓடி வந்து ரிமோட்டை அழுத்தினேன். செத்துப்போயிருந்தது. கதவை இழுத்தேன். மாமனார் உள்ளேயிருந்து தள்ளினார். அவர் தள்ளத் தள்ள சைரன் இன்னும் உற்சாகமானது.

"அசையாதீங்க மாமா! அசையாம உட்காருங்க!" என்று கத்தினேன்.

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. கையைக் காதில் குவித்துக் கேட்டார். அந்த அசைவுக்கும் ஒருமுறை அலறியது.

கேட்டில் இருந்த காவலாளி தடியோடு ஓடி வந்தான். பூட்டிய கார், அலறும் சைரன், உள்ளே மீசை வைத்த ஒருவர். அவன் கணக்கு சட்டென்று முடிந்தது. "சோர் பகடா கயா!" என்று குடியிருப்பையே பார்த்துக் கூவினான். திருடன் பிடிபட்டான்! பால்கனிகளில் தலைகள் முளைத்தன.

மாமனார் பையிலிருந்து தன் பழைய போலீஸ் அடையாள அட்டையை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். முழுக்கத் தமிழ். காவலாளி அதைத் தலைகீழாகக் குனிந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கினான். முப்பது வருஷம் திருடர்களைப் பிடித்தவர், வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்த பக்கத்திலிருந்து உலகத்தைப் பார்த்தார்.

நான் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். தேன் மாதிரி இந்தி.

"சார், உங்கள் வண்டிக்குள் ஆள் இருப்பதாகக் காட்டுகிறது. யாராவது இருக்கிறார்களா?"

"இருக்கிறார். என் மாமனார்."

"உங்கள் அனுமதியோடுதான் நுழைந்தாரா சார்?"

"நான்தான் தள்ளி ஏற்றினேன்!"

"நன்றி சார். உங்கள் பதிவு செய்த போனுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறேன். அதைச் சொல்லுங்கள்."

பதிவு செய்த போன் லோதி ரோட்டில், பூட்டிய வீட்டில், அலுமினியத் தாள் ஒட்டிய முறுக்கு டப்பாவுக்குள் இருந்தது. சிக்னலே எட்டாத இடம். யாரையாவது வீட்டுக்கு அனுப்பினால்கூட, வீட்டுச் சாவி சித்ராவின் கைப்பையில் இருந்தது. கைப்பை காருக்குள்.

இதை சித்ராவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. முகம் வெளுத்துப்போனது.

"அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சு ஒண்ணரை வருஷம்தாங்க ஆவுது" என்றாள் மெதுவாக. "ஜன்னல் எல்லாம் மூடியிருக்கு."

அதுவரை நான் பட்டதெல்லாம் வெறும் அவமானம். அப்போதுதான் பயந்தேன். கண்ணாடி வழியே பார்த்தேன். மாமனார் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். புதுச் சட்டை நனைந்திருந்தது. காவலாளியின் தடியைப் பிடுங்கி, பின்ஜன்னலில் என் பலம் முழுவதையும் கூட்டி ஓங்கி அடித்தேன். கண்ணாடியில் சிலந்திவலை மாதிரி ஒரு கீறல் விழுந்தது. படலம் அசையவில்லை. இன்னும் நாலு அடி. என் கை வலித்தது. கடைக்காரர் என்னை எதில் வேண்டுமானாலும் ஏமாற்றியிருக்கலாம். அந்தப் படலத்தில் மட்டும் நாணயமாக நடந்துகொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு இளைஞன் வந்தான். போட்டோவில் பார்த்த முகம். பின்னால் அவன் அப்பா, பட்டுப்புடவையில் அம்மா. எங்களுக்காகக் காத்திருந்த மொத்தக் குடும்பமும் தெருவில் நின்றது.

"சித்ரா தீதி... சாரி, அக்கா? நான் கார்த்தி" என்றான். "உள்ள யாரு?"

"எங்க அப்பா" என்றாள் சித்ரா. அதோடு அழுதுவிட்டாள்.

அவன் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கண்ணாடியில் தட்டி, "அங்கிள், கப்ராயியே மத்... சாரி, பயப்படாதீங்க, ஏக் மினிட்" என்றான். பிறகு என்னிடம் கை நீட்டி ரிமோட்டை வாங்கி, திருப்பிப் பார்த்து, ஓரத்தில் எதையோ அழுத்தினான். உள்ளேயிருந்து ஒரு சின்ன இரும்புச் சாவி வெளியே வந்தது. ஏழு மாதமாக என் கையிலிருந்த ரிமோட்டுக்குள் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. காருடன் வந்த புத்தகத்தில் போட்டிருக்குமாம்.

"கதவுக்கு டபுள் லாக் போட்டிருக்காங்க. டிக்கிக்கு அனேகமா போட்டிருக்க மாட்டாங்க" என்றான்.

அந்தச் சாவியை டிக்கியில் போட்டுத் திருகினான். திறந்தது. அத்தனை பூட்டு போட்ட அந்தக் காரின் பின்பக்கத்தை, எந்தத் திருடனும் ஒரு ஆணியை வைத்துத் திறந்திருப்பான் போலிருக்கிறது. கார்த்தி உள்ளே தலையை விட்டு ஏதோ நாடாவை இழுத்தான். பின்சீட்டின் முதுகு பாதி மடிந்து விழுந்தது. அந்தப் பொந்தில் முதலில் தெரிந்தது மாமனாரின் மீசை.

பிறகு நடந்ததை அவர்கள் குடியிருப்பில் பலர் வீடியோ எடுத்தார்கள். கார்த்தி இரண்டு தோள்களையும் பிடித்து இழுக்க, காவலாளி இடுப்பைத் தாங்க, என் மாமனார் தலை முதலாக, அங்குலம் அங்குலமாக டிக்கியிலிருந்து வெளியே வந்தார். தொந்தி வந்த இடத்தில் மட்டும் ஒரு சிறிய இடைவேளை. வெளியே நின்றதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், மீசையைத் தடவினார், சம்பந்தியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வணக்கம். நான்தான் பொண்ணோட அப்பா."

அவர்கள் வீட்டில் நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்கும் காபி வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் கடைசியாக. வெளியே சைரன் இன்னும் அழுதுகொண்டிருந்தது. சம்பந்தியம்மா, "டிபன் சாப்பிட்டதும் கல்யாணம் பத்திப் பேசலாமா?" என்று தயங்கிக் கேட்டார்.

"பேச என்னம்மா இருக்கு?" என்றார் மாமனார். டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு ஏற்கனவே ஒரு மாப்ள இருக்காரு. உள்ள வச்சுப் பூட்டுறவரு. வெளிய எடுக்குறதுக்கு ஒருத்தர் வேணும். உங்க பையனக் குடுத்துடுங்க."

கல்யாணம் ஆனியில் நடந்தது. காரை அதற்கு முன்பே விற்றுவிட்டேன். வாங்க வந்தவர் பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் உண்டா என்று கேட்டார். சித்ரா எழுந்து உள்ளே போய்விட்டாள். இன்று எங்கள் வீட்டில் பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்று யாரும் சொல்வதில்லை. பூட்டுற மாப்ள, தொறக்குற மாப்ள. பூர்ணிமாவின் மகளுக்குப் பேச்சு வந்ததும் என்னை அவள் முதலில் அழைத்தது "பூட்டு பெரியப்பா" என்றுதான்.

போன குளிர்காலத்தில் மாமனார் மறுபடி டெல்லி வந்தார். விமான நிலையத்துக்கு டாக்ஸி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் பின்சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து திறந்து பார்த்தார். மறுபடி சாத்தி, மறுபடி திறந்தார். டிரைவர் திரும்பி, "கியா ஹுவா, அங்கிள்ஜி?" என்றான். என்ன ஆயிற்றாம்.

மாமனாருக்கு இந்தி வராது. மாப்பிள்ளை என்பதற்கு இந்தியில் என்ன என்று மட்டும் கார்த்தியிடம் கேட்டு வைத்திருக்கிறார். என் பக்கம் விரலை நீட்டினார்.

"தாமாத்" என்றார்.

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்காமல், மெனக்கெட்டு இறங்கி வந்து, அவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுப் போனான்.