கவலையில் ஐம்பத்தொன்பது மதிப்பெண்

கடனாளி கடனாளியாகவே இருந்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டால்தான் சிக்கல். அதற்கென்று ஓர் அலுவலகம், ஒரு விண்ணப்பம், அந்த விண்ணப்பத்தை வாங்க இன்னொரு விண்ணப்பம் என்று நாடே சுறுசுறுப்பாகிவிடுகிறது.

எங்கள் தெருமுனை லாண்டரிக்காரருக்கு அந்த விபரீத எண்ணம் ஒரு செவ்வாய்க்கிழமை தோன்றியது.

மனிதர் பரம சாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது. கடன்படுவதற்கு உரிய தகுதி எதுவுமே இல்லாதவர். எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கதவும் வாசனையுமாக ஒரு புது லாண்டரி வந்ததும் பயந்துபோய், வங்கிக் கடனில் ஒரு நீராவி இஸ்திரி மெஷின் இறக்கினார். மெஷின் வந்தது, துணி வரவில்லை. மெஷின் தவணைக்குக் கிரெடிட் கார்டைத் தேய்த்தார். கார்டுத் தவணைக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கினார். ஆக மூன்று கடன். மூன்றும் அவர் மனைவிக்குத் தெரியும். கடையின் பின்பக்கம் உட்கார்ந்து ஜிப் மாற்றுவது, பட்டன் தைப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அந்த அம்மாள்தான்.

தினமும் காலை எட்டு மணிக்கு வங்கியின் வசூல் அதிகாரி போன் செய்வார்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"சாப்பிட்டேன் சார்."

"அதுக்கெல்லாம் காசு இருக்கு, இல்ல?"

மறுநாள் லாண்டரிக்காரர் உஷாராகி, "இன்னும் சாப்பிடலை சார்" என்பார்.

"உடம்பைப் பார்த்துக்கங்க சார். இன்னும் நாலு வருஷத் தவணை பாக்கி இருக்கு."

லாண்டரிக்காரருக்குத் தூக்கம் போயிற்று. ஒரே சட்டையை மூன்று முறை தேய்த்தார். ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, போன் அடிக்கிறதோ என்று காது கொடுத்து நின்றார். கோட்டின் முதுகில் முக்கோணமாக ஒரு ஜன்னல் திறந்துகொண்டது. அதற்கு நஷ்டஈடு கொடுத்த அன்றுதான் மனைவி சொன்னார்: "போதுங்க. கடன் இணக்க வாரியம்னு ஒண்ணு இருக்காம். போய் எழுதிக் குடுத்துட்டு வந்துடுவோம். மானம் போனா போகட்டும், அடுத்தவங்க கோட்டாவது மிஞ்சும்."

வாரியம் புத்தம்புதுக் கட்டடத்தில், அறுபது ஜன்னல்களோடு கம்பீரமாக இருந்தது. இணக்க அலுவலர் படிவத்தை நீட்டினார். "எல்லாக் கடனையும் நாலாம் பத்தியில எழுதணும். வங்கி, கம்பெனி, சொந்தக்காரங்க, எதையும் விடக் கூடாது. ஒண்ணு விட்டாலும் ஒப்பந்தம் செல்லாது."

மனைவி மூன்றையும் எழுதிவிட்டு அடியில் கோடு போடப் போனார். லாண்டரிக்காரர் அவர் கையைப் பிடித்தார்.

"கோடு போடாத. கொஞ்சம் இடம் விடு."

"எதுக்கு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. அதனால் பார்ப்பதற்கு வசதியாக இருந்தது.

"உன் தம்பிகிட்ட எண்பதாயிரம்."

பேனா நின்றது. "எப்போ?"

"போன வருஷம். கரண்ட் பில் ஏறிப்போச்சு, மெஷின் வேற ரிப்பேர். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"என் தம்பி பொண்டாட்டி ஒரு வருஷமா என் போனை எடுக்கல," என்றார் அந்த அம்மாள் மெதுவாக. "நான் என்ன தப்பு பண்ணேன்னு மண்டையை உடைச்சிட்டிருந்தேன். அவ வீட்டு வாசல்ல போய் மன்னிப்புகூடக் கேட்டேன். எதுக்குன்னு தெரியாமலே கேட்டேன்."

அலுவலர் நாகரிகமாகத் தொண்டையைச் செருமினார். "குடும்ப மனஸ்தாபம் பன்னிரண்டாம் பத்தி. நாம இன்னும் நாலுலதான் இருக்கோம்."

நாலாவது கடனை மனைவி எழுதிய வேகத்தில் தாள் கிழிந்தது. கிழிந்த படிவம் செல்லாது என்பதால் புதுப் படிவத்துக்குத் தனியாகக் கட்டணம் கட்டினார்கள்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. வாரியத்தின் புது இயக்குநர் அப்போதுதான் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய் உலகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். 'உள்ளம் இணங்கினால் கடன் இணங்கும்' என்று வரவேற்பறையில் எழுதிப் போட்டாயிற்று. இனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமானால் ஆறு முறை ஆற்றுப்படுத்துநரை, அதாவது கவுன்சலரைப் பார்த்து மனச்சுமை மதிப்பெண் பெற்றாக வேண்டும்.

"அறுபதுக்கு மேல போனா, நிதானமில்லாம கையெழுத்துப் போட்டவர்னு ஒப்பந்தம் ரத்தாயிடும்," என்றார் அலுவலர். "அதுக்குள்ள இருக்கணும்."

"ஆற்றுப்படுத்துறதுக்குக் கட்டணம் உண்டா சார்?"

"உண்டு."

"காசு இல்லாமதானே சார் வந்திருக்கோம்?"

"அதைப் பத்தி ஏன் கவலைப்படுறீங்க? அதையும் கடனா சேர்த்துடுவோம். அஞ்சாவதா."

ஆற்றுப்படுத்துநர் இளம்பெண். அறையில் மெத்தை நாற்காலியும் பிளாஸ்டிக் செடியும் இருந்தன. லாண்டரிக்காரரின் விரலில் கவ்வி போன்ற ஒரு கருவியை மாட்டினார். தொண்ணூற்றொன்று.

"கண்ணை மூடிக்கங்க. உங்க கடனை ஒரு நிறமா நினைச்சுப் பாருங்க. என்ன நிறம்?"

"வெள்ளை, மேடம்."

"அருமை! அமைதியோட நிறம்."

"நோட்டீஸ் வெள்ளைத் தாள்லதான் மேடம் வருது."

"சரி, அந்த மெஷினை ஒரு படகுல ஏத்தி, அப்படியே ஆத்தோட போக விட்டுடுங்க."

லாண்டரிக்காரர் கண்ணைத் திறந்தார். "விடலாமா மேடம்? அது வங்கி அடமானத்துல இல்ல இருக்கு?"

மூன்றாவது சந்திப்புக்குள் கட்டணத்தின் முதல் தவணை தவறிவிட்டது. ஆற்றுப்படுத்தல் பிரிவிலிருந்து கடிதம் வந்தது: 'அன்பு நெஞ்சமே! மூச்சை ஆழ்ந்து உள்ளிழுக்கவும். நான்கு எண்ணும்வரை நிறுத்தவும். தங்கள் கட்டணம் நிலுவையில் உள்ளது. ஏழு நாட்களுக்குள் செலுத்தத் தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். மூச்சை மெதுவாக வெளியே விடவும்.' அந்த வாரம் தொண்ணூற்று நான்கு.

வீட்டில் அதைவிட மோசம். மனைவி மூன்று வாரமாக ஜிப்பைப் பற்றி மட்டுமே பேசினார். "கறுப்பு ஜிப் தீர்ந்துபோச்சு." "இது ஏழு அங்குலம்." அவ்வளவுதான். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது லாண்டரிக்காரருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் தனியாகத் தம்பி வீட்டுக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலே பேசினார்.

"மாசம் ரெண்டாயிரம் தர்றோம்னு சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டாங்க. அவ என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதா. நான்தான் உங்களை அனுப்பிக் காசு வாங்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்கிறேன்னு நினைச்சிருக்கா." பிறகு கணவரை நேராகப் பார்த்தார். "கடன்னா எனக்குப் பயமில்லைங்க. உங்க கூட சேர்ந்து கட்டிடுவேன். எனக்குத் தெரியாம நீங்க தனியா ஒண்ணைத் தூக்கிட்டுத் திரிஞ்சீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

லாண்டரிக்காரர் கையில் இருந்த படுக்கை விரிப்பில் முகத்தைப் புதைத்து அழுதார். அது வாடிக்கையாளருடையது. மறுபடி துவைத்துக் கொடுத்தார், கூலி போடவில்லை.

மறுநாள் எட்டு மணிக்குப் போன் அடித்தபோதுதான் அவருக்கு விழிப்பே வந்தது.

"சாப்பிட்டீங்களா சார்?"

"இனிமேதான் சார். நீங்க சாப்பிட்டீங்களா?"

அதிகாரி போனை வைத்துவிட்டார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று வங்கிப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை போலும்.

ஆறாவது சந்திப்பில் மதிப்பெண் இருபத்திரண்டு. ஆற்றுப்படுத்துநர் கை தட்டினார். இணக்க அலுவலரோ நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? நாப்பதுக்குக் கீழ போனா 'கடனின் பாரத்தை உணராதவர்'னு அர்த்தம். இவ்வளவு நிம்மதியா இருக்கிறவருக்கு எதுக்குச் சலுகை?"

"நீங்கதானே சார் கவலையைக் குறைக்கச் சொன்னீங்க?"

"குறைக்கத்தான் சொன்னோம். ஒழிக்கச் சொல்லலையே!"

"இப்போ நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். கவ்வியை மாட்டிக்கிட்டு வெளியே பெஞ்சுல உட்காருங்க. எங்க ஆபீஸ்ல உட்கார்ந்தா அதுவா ஏறிடும்."

உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு இருபத்திரண்டாகவே இருந்தது. பன்னிரண்டுக்கு ஒரு குமாஸ்தா வந்து, "உங்க ஃபைலா? எந்த ஃபைல்?" என்று கேட்டார். முப்பத்தைந்து. ஒரு மணிக்கு ஃபைல் கிடைத்தது, அதில் வேறொருவரின் புகைப்படம் இருந்தது. நாற்பத்திரண்டு.

"வந்துடுச்சுங்க, எழுந்திருங்க!" என்றார் மனைவி.

அலுவலர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணிக்கு வந்தார். நாற்பத்தொன்பது. முத்திரை பீரோவில் இருந்தது. பீரோ சாவி கண்காணிப்பாளரிடம் இருந்தது. கண்காணிப்பாளர் விடுப்பில் இருந்தார். ஐம்பத்தைந்து. மாற்றுச் சாவி உண்டு, அதற்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். ஐம்பத்தேழு. சாவி வந்தது, பூட்டில் சுற்றியது, திறக்கவில்லை. ஐம்பத்தெட்டு.

"சார்!" என்று மனைவி அலறினார். "சீக்கிரம் குத்துங்க! இன்னும் கொஞ்சம் போனா என் வீட்டுக்காரர் நிதானம் இல்லாதவர் ஆயிடுவார், சட்டப்படி!"

அலுவலர் பீரோவை ஓர் உதை உதைத்தார், திறந்துகொண்டது. ஐம்பத்தொன்பதில் முத்திரை விழுந்தது. லாண்டரிக்காரர் கையெழுத்துப் போட்டார். ஐந்து கடனும் ஒரே தவணையாகி, வாரியத்தில் கட்டினால் வாரியம் பிரித்துக் கொடுக்கும் என்று ஆயிற்று.

ஐம்பத்தொன்பது அதுவரை எவரும் வாங்காத மதிப்பெண். இயக்குநர் அதை 'பொறுப்புள்ள கவலையின் உச்சம்' என்று அறிவித்து, லாண்டரிக்காரரை மாதிரிக் கடனாளியாக்கி மேடையில் சால்வைக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் செடி கொடுத்தார். அது போதாதா நம் ஊருக்கு? வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் மதிப்பெண் கேட்டார்கள். பெண் கொடுப்பவர்கள், "பையனுக்கு ஐம்பத்தேழாமே, குடும்பப் பொறுப்பு உள்ளவன்" என்று மெச்சிக்கொண்டார்கள். கடனே இல்லாதவர்களுக்கு மதிப்பெண்ணும் இல்லை. அவர்கள் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். கொஞ்சம் ரோஷம் உள்ளவர்கள் அவசரமாகக் கடன் வாங்கினார்கள்.

மாதிரிக் கடனாளிக்கு வாரியம் ஒரு பரிசும் தந்தது. அறுபது ஜன்னல் திரைச்சீலையும் நாற்காலி உறையும் துவைக்கும் ஒப்பந்தம். நீராவி மெஷின் முதல்முறையாக நாள் முழுக்க ஓடியது. லாண்டரிக்காரர் தவணையை ஒரு நாள் தவறாமல் வாரியத்தில் கட்டினார். வாரியம் மட்டும் துவைத்த கூலியைக் கட்டவில்லை.

"நிதி வரட்டும் சார்," என்பார் அலுவலர். "பொறுமைக்கே மதிப்பெண் வாங்கினவர் நீங்க."

எட்டு மாதத்தில் பாக்கி முப்பத்தேழாயிரம் ஆனது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வாரியம் அந்தக் கட்டடத்தையே கடனில்தான் கட்டியிருந்தது. விரல் கவ்விகள் தவணையில் வாங்கியவை. ஆற்றுப்படுத்துநருக்கு ஐந்து மாதச் சம்பள பாக்கி. ஆகவே கடன் இணக்க வாரியம், விதிமுறைப்படி, கடன் இணக்க வாரியத்திடம் விண்ணப்பித்திருந்தது.

கடன் கொடுத்தோர் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை வாரியத்தின் பெரிய ஹாலில் நடந்தது. லாண்டரிக்காரர் பழக்கதோஷத்தில் கடனாளிகளுக்கான இடது பக்கம் போய் நின்றார். "அங்க இல்ல சார், நீங்க குடுத்தவர். இந்தப் பக்கம்," என்று காவலாளி வலது பக்க வரிசையைக் காட்டினார். அந்தப் பக்கத்து நாற்காலிகளுக்கு மெத்தை உண்டு. அடுத்த நாற்காலியில் வங்கியின் வசூல் அதிகாரி. நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எழுந்து கை கொடுத்தார்.

இணக்க அலுவலர் நடுவில் நின்று வாசித்தார். பாக்கியில் நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டு ரூபாய் வீதம், ஏழு வருடத்தில் தருவார்களாம். "தயவுசெய்து எல்லாரும் இணங்கணும். எங்க இயக்குநர் மூணு வாரமா தூங்கல."

லாண்டரிக்காரர் எழுந்தார். இரக்கமாக ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரும் அதற்குத்தான் எழுந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் மெத்தை நாற்காலியிலிருந்து எழுந்தவருக்கு வந்த பேச்சு வேறு.

"தூங்கலையா? நான் துவைச்ச திரைச்சீலையை இழுத்து விட்டுக்கிட்டு நல்லாத்தான் தூங்கியிருப்பார்! கட்ட வக்கில்லாதவனுக்கு அறுபது ஜன்னல் எதுக்கு? ஊரான் காசுன்னா அவ்வளவு இளக்காரமா?"

பின்வரிசையிலிருந்து மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார். "என்னங்க, நாமளும் இந்த வாசல்லதானே வந்து நின்னோம்..."

"நீ சும்மா இரு. நாம கஷ்டப்பட்டவங்க. இவங்க ஏமாத்துக்காரங்க."

ஹால் அதிரக் கைதட்டல். வசூல் அதிகாரி அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். சலுகை கிடையாது, வாரியத்தை இழுத்து மூடி இருப்பதைப் பங்கு போடுங்கள் என்று ஏகமனதாக முடிவாயிற்று. முதலில் உயர்ந்தது லாண்டரிக்காரரின் கை. ஆற்றுப்படுத்துநர் இரண்டு கையையும் தூக்கினார்.

வெள்ளிக்கிழமை பங்கு வாங்கப் போனார். அலுவலர் ஸ்டூலின் மேல் நின்று பெயர்ப் பலகையின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். பலகையும் சொத்துக் கணக்கில் சேர்ந்திருந்தது.

"உங்க பங்கு நூத்திப்பத்து சார். மேஜை மேல இருக்கு."

லாண்டரிக்காரர் எடுத்துக்கொண்டார். நியாயம் வென்றதில் அவருக்குத் திருப்திதான். "சார், இந்த மாசத் தவணை கொண்டுவந்திருக்கேன். இனிமே யார்கிட்ட கட்டணும்?"

"எந்தத் தவணை?"

"என் ஒப்பந்தத் தவணைதான் சார்."

"வாரியமே இல்ல, ஒப்பந்தம் எங்கேருந்து வரும்? உங்களோடது, இன்னும் ஆயிரத்து முந்நூறு பேரோடது, எல்லாம் செவ்வாய்க்கிழமையே ரத்து. பழைய கடன், பழைய வட்டி, அவங்கவங்ககிட்ட நேரா கட்டிக்க வேண்டியதுதான்."

"கை தூக்கறதுக்கு முன்னாடி இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

அலுவலர் திருகாணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பொறுமையாகவே விளக்கினார்.

"எப்படி சார் சொல்றது? அது கடனாளிகளுக்கு மட்டும் தெரிவிக்க வேண்டிய தகவல். நீங்க அன்னிக்குக் கடன் குடுத்தவங்க வரிசையில இல்ல உட்கார்ந்திருந்தீங்க?"