கை தூக்கிய கட்டிடம்

"ஆறு மாடிக் கட்டிடம் ஒண்ணு என் வகுப்புல கை தூக்கிப் பதில் சொல்லியிருக்கு" என்றார் கணக்கு வாத்தியார்.

பூங்கா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆயிற்று. சந்தேகப்படும் வேலையிலிருந்து மட்டும் அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"டிக்கெட் இல்லாத கதையை நான் ஏத்துறதில்ல சார்" என்றார், வழக்கம்போல.

கண்டக்டர் இந்தப் பேட்டைக்குக் குடிவந்த நாளிலிருந்து இதே கூத்துதான். வாத்தியார் சொல்வார், அவர் நம்ப மாட்டார். பூங்காவுக்கு வருகிற மற்றவர்கள் எல்லோரும் நம்பிவிட்டார்கள், அல்லது நம்பியதாகச் சொல்லித் தப்பித்துவிட்டார்கள். நாளைக் காலையில் வாத்தியார் மகன் வீட்டோடு போய் இருக்க வெளியூர் கிளம்புகிறார். வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் மூட்டை கட்டியாகிவிட்டது. கட்டுக்கு அடங்காமல் மிச்சமிருந்தது இந்தக் கண்டக்டர் ஒருவர்தான்.

"இன்னிக்காவது ஒத்துக்கிட்டீங்கன்னா நிம்மதியா வண்டி ஏறுவேன் கண்டக்டரே."

"முதல்லேருந்து சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கொள்ளைநோய்க் காலம். அடைத்த அறைக்குள் பிள்ளைகளை உட்கார வைக்கக்கூடாது, திறந்த வெளியென்றால் பரவாயில்லை என்று அனுமதி வந்ததும், பள்ளிக்கூடமே பெஞ்சும் கரும்பலகையுமாக மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. அறிவியல் மரத்தடியைப் பிடித்துக்கொண்டது. வரலாற்றுக்குத் தண்ணீர்த் தொட்டி நிழல். பாட்டு வகுப்பு சைக்கிள் ஷெட்டுக்குப் போயிற்று. ஏமாந்த கணக்குக்குக் கிடைத்தது மதிலோரம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆறு மாடிக் குடியிருப்பு; ஜன்னலுக்கு ஒரு முகமாக, வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்த ஜனம்.

அக்கம்பக்கத்திலிருந்து புகார் வந்தால் மைதான வகுப்பை மூடிவிடுவோம், பிள்ளைகள் வீட்டிலிருந்து போனில் படிக்கட்டும் என்று தலைமையாசிரியை அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். வாத்தியாரின் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் போனே கிடையாது. அவர்களுக்கு மைதானத்தை மூடினால் படிப்பையே மூடினமாதிரி.

முதல் தொல்லை குரல். முகக்கவசத்துக்குள் போன பேச்சு வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே சுற்றியது. இடைவெளிவிட்டு உட்கார வைத்ததில் கடைசி வரிசை கிட்டத்தட்ட அடுத்த ஊர் எல்லையில் இருந்தது. முன்வரிசையில் "இரண்டு" என்று சொன்னால், காற்றில் தேய்ந்து தேய்ந்து பின்வரிசைக்குப் போவதற்குள் அது ஒன்றரை ஆகிவிடும்.

வாத்தியார் யோசித்தார். பழைய பேப்பர்க்காரரிடம் சும்மா கிடந்த ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி வந்து, கம்பத்தில் கட்டிப் பொத்தானை அழுத்தினார்.

"பழைய பேப்பர், பிளாஸ்டிக், ஓட்டை உடைசல் எடுக்கிறதேய்" என்றது பெட்டி.

மாதக்கணக்காகப் பேப்பர் சேர்த்து வைத்திருந்த கட்டிடம் சிலிர்த்து எழுந்தது. மாடிக்கு மாடி கயிற்றில் கட்டு இறங்கியது. அவசரக்காரர்கள் மதிலுக்கு மேலாக வீசினார்கள். உடைந்த மிக்ஸியை இறக்கிய ஓர் அம்மாள் என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டாள். "இது கணக்கு வகுப்பும்மா" என்று வாத்தியார் கெஞ்சினார். "அப்ப கணக்கா பாத்துக் குடுங்க" என்றாள்.

வாத்தியார் பதிவை நிறுத்திவிட்டுப் பெட்டியில் பின்னப் பாடத்தைத் தொடங்கினார். அது பாதியில் இருக்கும்போதே தலைமையாசிரியைக்குப் போன் போயிற்று.

வாத்தியார் ஒலிபெருக்கியைக் கட்டிடத்துக்கு முதுகு காட்டித் திருப்பினார். அதிலிருந்து வந்த வாய்ப்பாடு நேரே சைக்கிள் ஷெட்டுக்குள் போய் விழுந்தது. பாட்டு டீச்சர் சுருதி பிடித்துக் கொடுக்க, பிள்ளைகள் வாய்ப்பாட்டை ராகம் போட்டு இழுத்தார்கள். ஏழேழு நாற்பத்தொன்பது என்கிற இடத்தில் இரண்டாம் மாடிப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று சொல்வார் வாத்தியார். பாட்டு டீச்சர் கண்ணைத் துடைக்கவில்லை. நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

பெட்டியை மறுபடி கட்டிடத்தின் பக்கம் திருப்பியதுதான் தாமதம், இன்னொரு போன்.

"இது கடைசி சார்" என்றார் அம்மா. "இன்னும் ஒரே ஒரு போன் வந்தாலும் நாளையிலேருந்து மைதானம் கிடையாது. என்னால பதில் சொல்ல முடியல."

அன்றிலிருந்து மௌன வகுப்பு. பள்ளியின் வெள்ளைச் சுவர் முழுக்க அடுப்புக்கரியால் ஆள் உயரத்துக்குக் கணக்கை எழுதினார் வாத்தியார். பிள்ளைகள் வாய் திறக்காமல் விரலால் விடை காட்ட வேண்டும். இரண்டு, கூட்டல் குறி, மூன்று, பெருக்கல் குறி, இரண்டு. எழுதிவிட்டுத் திரும்பினார்.

பிள்ளைகளின் தலைக்கு மேலே, மதிலுக்கும் மேலே, ஜன்னல் ஜன்னலாக, ஆறு மாடியும் கை நீட்டிக்கொண்டு நின்றது. சின்னக் கை, வளையல் கை, நடுங்குகிற கை. "அத்தனையும் எட்டு விரல்" என்பார் வாத்தியார்.

இந்த இடத்தில் அவர் ஒரு சங்கதியை எப்போதும் விழுங்கிவிடுவார். முதலில் அந்தக் கட்டிடம் சொன்னது தப்பு. அவர் தலையை ஆட்டி, பெருக்கலைச் சுற்றிக் கரியால் ஒரு வட்டம் போட்ட பிறகுதான் எட்டு வந்தது. தம்மிடம் படித்த கட்டிடத்தை நாலு பேர் எதிரில் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வராது. பெண்டாட்டியிடம்கூட அதைச் சொன்னதில்லை.

அப்போது தலைமையாசிரியை போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மறுபடியும் புகார். வாத்தியார் கரியைக் கீழே போட்டார். போதும் பிள்ளைகளே என்று சொல்ல வாயெடுத்தார்.

"சத்தத்தை ஏன் நிறுத்தினீங்கன்னு கேக்கறாங்க சார்" என்றார் அம்மா, பேயடித்தவர்போல. "மொதல்லேருந்து பாடம் சரியாக் கேக்கலங்கிறதுதானாம் புகாரே, நான்தான் முழுசாக் கேக்காம போனை வெச்சுட்டேன். பெட்டியை அந்தப் பக்கம் திருப்பினதுல பின்னம் பாதியில நிக்குதாம்."

அப்புறம் மைதானத்தை யார் மூடுவது? அறைகள் திறக்கும்வரை கணக்கு வகுப்பு நடந்தது, மதிலுக்கு இரண்டு பக்கமும். பிள்ளைகள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பிய அன்று, எந்தக் கணக்கும் எழுதாத வெறும் சுவரைப் பார்த்து ஜன்னல்களில் கைகள் ஆடின. அறைக்குள் நடத்திய முதல் பாடத்தில் வாத்தியார் பழக்கதோஷத்தில் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறிதான் இருந்தது.

கதை முடிந்தது. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார்; கண்ணையும் துடைத்தமாதிரி இருந்தது. கண்டக்டர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நடந்துச்சு சார். ஒத்துக்கறேன்."

"இத்தனை நாள் இல்லாம இன்னிக்கு என்ன திடீர்னு?"

"முன்னாடியே ஒத்துக்கிட்டிருந்தா, மறுநாளே கதை சொல்ல வேற ஆளைத் தேடிப் போயிருப்பீங்க."

கண்டக்டர் எழுந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி, பத்து விரலையும் விரித்தார்.

"ஆனா மொதல்ல எட்டு இல்ல சார், பத்து. பஸ்ஸுல ஏறுறவங்களை ஏற ஏறக் கூட்டியே பழகின கை. நாலாவது மாடியில மக வீட்டு ஜன்னல்லேருந்து நான் நீட்டினேன், மொத்தக் கட்டிடமும் என்னைப் பாத்துக் காப்பி அடிச்சுது."