ஓங்கில் மீனும் கண்ணாடிக் கடைக்காரரும்

ஊருக்கு ஒருவராவது இருப்பார், ஓங்கில் மீன் நிபுணர். கடல் எத்தனை தூரத்தில் இருந்தாலும் இந்த இனம் செழித்து வளரும். நான் சொல்ல வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.

அவர் காதுபட "டால்பின்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் மூன்றாம் வரியில் தடுமாறிக்கொண்டிருப்பவரை அப்படியே விட்டுவிட்டு, "ஓங்கில்னு சொல்லுங்க" என்று உங்களைத் திருத்தி, குப்பிமூக்கு, புள்ளி, சுழலி, கூன்முதுகு என வகைகளை ஒப்பித்து, கிரேக்கர் அதைக் கடவுளின் தோழனாக்கியதையும், சாலமன் தீவுகளில் பெண் வீட்டாருக்கு அதன் பற்களைச் சீராகக் கொடுப்பதையும் அடுக்கி, கடைசியில் அமேசானில் போய் நிற்பார். அங்கே ஆற்று ஓங்கில் அழகான வாலிபனாக மாறி விருந்துக்கு வருமாம். உச்சந்தலை மூச்சுத்துளையை மறைக்கத் தொப்பி போட்டுக்கொள்ளுமாம். இதைப் படித்த நாள் முதலாக எந்தக் கல்யாணத்திலும் தொப்பிக்காரர் ஒருவரையும் அவர் நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லை.

ஒரே ஒரு சங்கடம். இருபது வருடப் புலமையில் ஓர் ஓங்கிலைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. அதை மோப்பம் பிடித்தவர் மனைவியின் தம்பி.

"என்ன மாமா, பார்க்காத பொண்ணுக்கு இருபது வருஷமா லவ் லெட்டரா?"

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. "ஞாயித்துக்கிழமை படகுல போறோம். பார்க்கலேன்னா இனிமே ஓங்கில் பேச்சை நானா எடுக்க மாட்டேன். போதுமா?"

போனார்கள். இரண்டு மணி நேரம் கடல் சும்மா கிடந்தது. அவர் கையில் ஓங்கில் வகைப் புத்தகம். திடீரென்று படகை ஒட்டி ஒன்று எம்பிக் குதித்தது! அது அடித்த தண்ணீர் நேராக அவருடைய இரண்டு கண்ணாடிச் சில்லிலும் விழுந்தது. உலகமே மங்கலாகிவிட்டது.

"ஐயோ, மூணு! குட்டி வேற! ஏங்க, சட்டையால துடைச்சிட்டுப் பாருங்க!" என்று கத்தினாள் மனைவி.

சட்டையாலா? கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்லுகிற பேச்சா இது?

"உப்புத்தண்ணி. தேய்ச்சா கீறல் விழும். நல்ல தண்ணி குடு."

"மாமா, பக்கத்துலயே வருது!"

"முதுகுத் துடுப்பு வளைஞ்சிருக்கா, முக்கோணமா?" என்று கேட்டபடியே வலது சில்லைக் கழுவினார். உறையிலிருந்து மெல்லிய துணியை எடுத்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு, வட்ட வட்டமாக, தொழில் சுத்தமாகத் துடைத்தார். மாட்டினார்.

இஸ்திரி போட்ட துணிபோலக் கிடந்தது கடல்.

"கை எட்டுற தூரத்துல ஆடிட்டுப் போச்சு சார். நானே இப்படிப் பார்த்ததில்ல" என்றார் படகோட்டி.

மைத்துனர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "பார்த்தீங்களா மாமா?"

"அது என்னைப் பார்த்துச்சு."

இடது சில்லை அவர் துடைக்கவே இல்லை. அந்தக் கண்ணாடி இப்போது கடையின் அலமாரியில், உப்புக் கறையோடு, தனி விளக்கின் கீழே இருக்கிறது. கொடுத்த வாக்கையும் அவர் மீறவில்லை. தானாகப் பேச்சை எடுப்பதே கிடையாது. வருகிறவர்கள்தான் "இதென்ன சார் கறை?" என்று கேட்டுத் தொலைக்கிறார்கள்.

"நீங்களா கேட்டதால சொல்றேன்..."

பாவம் மனிதர் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். தலைப்பில் 'ஓங்கில் மீன்' என்று கண்டதுமே, "அது மீனே இல்லை, பாலூட்டி" என்று சொல்ல உங்கள் விரல் மெல்ல உயர்ந்ததே, அதை இன்னும் கீழே இறக்கவில்லையா?