இடைநிலை நடிகரோடு குடித்தனம்

நடிப்பு வகுப்புக்குப் போகிறவர்களில் மூன்று தினுசு உண்டு. புதிதாகச் சேர்ந்தவரால் யாருக்கும் தொந்தரவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்பதே அவருக்குப் பெருங்கவலை. கரைகண்டவராலும் தொந்தரவில்லை, அவர் சம்பளம் கொடுத்தால்தான் நடிப்பார். நடுவில் ஒருவர் இருக்கிறாரே, ஆரம்ப வகுப்பை முடித்து இடைநிலைக்குத் தேறியவர், அவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவர் இலவசமாக நடிப்பார். வீட்டில்.

நான் சொல்லும் இடைநிலை நடிகருக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. சனிக்கிழமை வகுப்பில் ஒரு வகை நாடகம் சொல்லித்தருவார்கள். அடுத்த சனிக்கிழமை வரை கடையும் குடும்பமும் அந்த வகையிலேயே நடக்கும். சோக நாடக வாரத்தில், கண் சோதிக்க வந்த ஒரு அம்மாளிடம், "இடது கண்ணுல... பவர் கூடியிருக்கு" என்று அடிவயிற்றிலிருந்து சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாள் போன் போட்டு மகன்கள் எல்லாரையும் வரவழைத்துவிட்டார். சிரிப்பு நாடக வாரத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கதவிலும் இடித்துக்கொண்டார். அதில் ஒரு இடி நிஜம். எது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவுமில்லை. ஊமை நாடக வாரத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இல்லாத கயிற்றை இழுத்து, இல்லாத சுவரைத் தடவி, இல்லாத மழையில் நனைந்துகொண்டிருந்தவருக்கு மகள் உப்பை நகர்த்தினாள்.

"பாத்தியா, புரிஞ்சிடுச்சு!" என்று குதித்தார்.

"இல்லப்பா. மத்த எல்லாத்தையும் கொடுத்துப் பாத்துட்டேன். மிச்சம் இருந்தது உப்புதான்."

அப்புறம் வந்தது யதார்த்த நாடகம். இதில் கதறக் கூடாது, கதவில் இடிக்கக் கூடாது. பேசுவதற்கு முன்னால் மௌனம் காக்க வேண்டும். மௌனம் எவ்வளவு நீளமோ பாத்திரம் அவ்வளவு ஆழம் என்று ஆசிரியர் சொல்லித்தொலைத்துவிட்டார்.

அந்த வாரம் பார்த்துத்தானா மனைவிக்குப் பதவி உயர்வு வர வேண்டும்? கிளை மேலாளர் நாற்காலி. பல வருஷமாக அவள் பார்த்துப் பார்த்து ஏங்கியது. ஆனால் வேறு ஊர். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே இவருக்குப் பிடிக்கவில்லை. இது நடிப்பல்ல.

அன்று காலை அவளுடைய மேலதிகாரி போன் செய்து முடிவைக் கேட்பதாக இருந்தது. அதற்குள் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, நேராவே கேக்கறேன். போகட்டுமா, வேண்டாமா? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

'போகாதே' என்ற ஒரு சொல் தொண்டை வரை வந்துவிட்டது. வந்த சொல்லை அப்படியே வெளியே விட்டால் அவர் என்ன இடைநிலை? டம்ளரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினார். ஆழத்துக்குள் இறங்கினார். இன்னும் இறங்கினார்.

போன் அடித்தது. மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். இரண்டு தடவை அடிக்க விட்டாள். மூன்றாவதில் எடுத்தாள். "வணக்கம் சார்! வரேன் சார், தாராளமா வரேன். வீட்லயா? அவருக்குத்தான் சார் என்னைவிட சந்தோஷம். கழுத்தைப் புடிச்சுத் தள்ளாத குறையா கிளம்புங்கறார்!"

குரலில் ஒரு பிசிறு இல்லை. முகம் பூரித்திருந்தது.

போனை வைத்துவிட்டு, "என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றாள்.

"வாழ்த்துகள்" என்றார்.

மௌனமில்லை, மூச்சுப் பயிற்சியில்லை. வீட்டில் அவர் சொன்ன வசனங்களிலேயே எதிரில் இருந்தவர் அப்படியே நம்பியது அது ஒன்றுதான். அவள் பெட்டியை இறக்கப் போய்விட்டாள்.

அவள் எந்த வகுப்புக்கும் போனதில்லை. நீங்களும் போனதில்லையாக்கும்? நல்லது. வீட்டில் யாரையோ வாய்க்கு வந்தபடி கத்திக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால், எடுத்த மறுநொடியே, "அடடே, நீங்களா! சொல்லுங்க சொல்லுங்க, சும்மாதான் இருக்கேன்" என்று தேனாக வழிகிறீர்களே, அதற்கு யாரிடம் ஃபீஸ் கட்டினீர்கள்?